அத்தையை வலம் வந்து ஸ்கேட் பழகினோம்

ஊரே எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி தாண்டியிருக்கும். பலகை பாவிய தரை. மெழுகும் முகப்பவுடரும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை. நானும் என் வீட்டுக்காரரும் கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு கம்பிக் கதவைத் தாண்டி ரிங்கில் கால் வைத்தோம். மூன்று தள்ளு நன்றாகத்தான் போயிற்று. நாலாவது தள்ளில் நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது பேருக்குக் குறையாது. சீனர், யூரேசியர், மலாய்க்காரர், வெள்ளைக் கால்சட்டை, பூப்போட்ட கவுன், எல்லாரும் காலில் சக்கரத்தோடு எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள்.

"எல்லாரும் தப்பாப் போறாங்கங்க!" என்று கத்தினேன்.

"நாமதான்" என்றார் அவர். அதற்கு மேல் பேச நேரமில்லை.

முதலில் வந்த ஜோடி எங்களைப் பிரித்துக்கொண்டு நடுவே புகுந்தது. இரண்டாவது ஜோடி அவர்கள் மேல். மூன்றாவதாக வந்த தொப்பிக்காரர் என் முந்தானையைப் பற்றிக்கொண்டு நின்றுவிடலாம் என்று நினைத்தார், நிற்கவில்லை. ரிங்க் மேனேஜர் ஊதலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "கிரி! கிரி!" என்று இடக்கையை ஆட்டினார். மலாயில் இடப்பக்கம். இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டுமாம். எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் வலமாகப் போனோம்.

நான் தரையில் உட்கார்ந்தபடி மேலே பார்த்தேன். மாடத்தில் என் மாமியார் எழுந்து நின்றிருந்தார். நான் விழுந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மடக்கிய குடையை நீட்டி, கீழே ஓடும் கூட்டத்தோடு கூடவே காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். இன்னொரு முறையும் போட்டார். பிறகு படி இறங்கி வந்தார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். வீட்டுக்குப் போவோம்."

ஜோடிப் போட்டிக்கு அன்றிலிருந்து சரியாக ஏழு நாள் இருந்தது.

தேதி பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தொடரை வாராவாரம் படித்துவருபவர்களுக்கு, தேதி விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்று தெரியும். ஆனால் அந்த வருஷத்து நோட்டுப் புத்தகம் என்னிடம் இல்லை. ஜப்பான்காரன் வந்த சமயத்தில் பிஸ்கட் டின்னில் போட்டுப் புதைத்து வைத்தோம். தோண்டி எடுத்தபோது டின் இருந்தது, நோட்டை எறும்பு தின்றிருந்தது. ஆகவே முப்பதுகளின் நடுப்பகுதி என்று மட்டும் சொல்கிறேன். டுரியான் காலம் என்கிறார் என் வீட்டுக்காரர். இல்லை. ரிங்க் வாசலில் அன்று மாம்பழம் விற்றார்கள். விழுந்த வேகத்தில் மடியில் முடிந்திருந்த என் மாம்பழம் நசுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலாப்போல முள்ளுள்ள டுரியானாக இருந்திருந்தால் நசுங்கியது நானாக இருந்திருக்கும்.

கிழமையில் சந்தேகமே இல்லை. ஞாயிறு.

ரிங்க் என்றால் பனி ரிங்க் என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் பனியை நாங்கள் மீன்கடையில்தான் பார்த்திருக்கிறோம். இது சக்கர ஸ்கேட். பூட்ஸுக்கு அடியில் நாலு சக்கரம். சாவி போட்டுத் திருகி இறுக்க வேண்டும். ரிங்கில் மரச் சக்கரம், ஓட்டும்போது மழை பெய்வதுபோலச் சத்தம். வெளியே பழகுவதற்கு இரும்புச் சக்கரம், அது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல. டவுனில் கடலோரமாக ஒரு கேளிக்கைக் கூடம் இருந்தது. அதற்குள்தான் ரிங்க்.

ஓட்டக்காரர்களும் ஸ்கேட்காரர்களும் ஏன் இடப்பக்கமாகவே சுற்றுகிறார்கள் என்று பிற்பாடு நூல்நிலையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் இதயம் இடப்பக்கம் இருப்பதால் என்கிறார். இன்னொருவர் வலக்காலுக்கு வலு அதிகம் என்கிறார். மூன்றாமவர் பழக்கம் என்று முடித்துவிட்டார். எவரும் என் மாமியாரைக் கேட்கவில்லை.

ஜாதிக்காய்க் களம்

என் வீட்டுக்காரர் பெயர் சதாசிவம். எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூடாது. இந்த வயதிலும் சொன்னதில்லை. டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அதே ஆபீசில் அவருடைய கூட்டாளி லூர்து. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; வாய் ஓயாதவர். இரண்டு பேருமாக அந்த ரிங்கில் இரண்டு வருஷம் ஜோடியாகச் சறுக்கிப் பேர் வாங்கியிருந்தார்கள். அப்போதெல்லாம் ஆணும் ஆணுமாகத்தான் சறுக்குவார்கள். எந்தத் தமிழ்ப் பெண் வருவாள்?

எங்களுக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம், ரிங்கில் அறிவிப்பு ஒட்டினார்கள். வருடாந்தரக் கோப்பை. ஜோடிப் பிரிவில் ஓர் ஆண், ஒரு பெண்.

லூர்து அண்ணனுக்குக் கவலை இல்லை. தங்கை ரோஸ் இருந்தாள். கான்வென்ட்டில் என்னோடு படித்தவள், எதற்கும் அஞ்சாதவள். இவருக்குத்தான் ஆளில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "லூர்து ரோஸோட சேந்துக்கிறானாம். எனக்கு இந்த வருஷம் இல்ல."

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "நான் வரட்டுமா?" என்று கேட்டது என் வாய்தான். நாலு மாதத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

கரண்டியை நிறுத்தாமல் ஊற்றியதில் ரசம் தட்டைத் தாண்டி மேசையில் ஓடியது. அவர் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தை, அதாவது என் மாமியார், ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பழகும் இடத்தில் அவரும் இருக்க வேண்டும். "கட்டிக்கிட்ட புருஷன் பொண்டாட்டிதான். ஆனா ஊரு பாக்கக் கையப் புடிச்சிக்கிட்டு ஓடுறதுன்னா கூட ஒரு பெரிய ஆளு இருக்கணும்."

பழக இடம் தந்தது லூர்து அண்ணனின் அப்பா. டவுனுக்கு வெளியே ஆயர் ஈத்தாமில், தவுக்கே என்று சொல்லும் ஒரு சீன முதலாளியின் ஜாதிக்காய்க் கிடங்கில் அவர் கணக்கெழுதும் கிராணி. காய் காயவைக்க அங்கே ஒரு பெரிய சிமெண்டுக் களம். சாயங்காலம் காய்களைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டிவிட்டால் களம் காலி. ஜாதிபத்திரியின் சிவப்புத் தூள் மட்டும் தரையில் ஒட்டிக்கிடக்கும். விழுந்து எழுந்தால் புடவையில் அந்த வாசம் ஏறிவிடும். இரண்டு மாதம் எங்கள் வீடே மசாலா டப்பா மாதிரி மணத்தது.

அத்தை எங்கே உட்காருவார் தெரியுமா? ஓரத்தில் அல்ல, களத்தின் நட்ட நடுவில். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்துவிடுவார். "அப்பத்தான் நாலு பக்கமும் தெரியும்."

முதல் நாள் இவர் என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்று ஐயர் பிடித்துக் கொடுத்த பிறகு, வெளிச்சத்தில், பிறர் பார்க்க, அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு தள்ளு தள்ளியிருப்போம். அத்தை கையை உயர்த்தினார்.

"டேய், எந்தப் பக்கமாடா போற? வலமாப் போடா."

இவர் ஒரு கணம் வாயைத் திறந்தார், மூடினார், திரும்பி வலமாகப் போனார். ரிங்கில் எல்லாரும் இடமாகத்தான் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் அத்தைக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை. இரண்டு மாதமும் சொல்லவில்லை.

மாமியாரை வலம் வந்து ஸ்கேட் பழகிய மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வருவோம். நடுவிலிருந்து குரல் வரும். "பாக்கியம், குனியாத." "டேய், அவள இழுக்காத, அவ என்ன மாடா?" "வேகமா வா, வெத்தல தீந்துபோச்சு."

இரண்டாம் மாதக் கடைசியில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இரண்டு பேர் தள்ளும் தள்ளு ஒன்றாகச் சேரும் ஓர் இடம் உண்டு. அப்போது யார் இழுக்கிறார்கள், யார் வருகிறார்கள் என்றே தெரியாது. காதில் காற்று மட்டும் இருக்கும். அந்த இடம் கிடைத்த அன்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அத்தையும் சிரித்துவிட்டு, "என்னடி பேய் புடிச்சிருச்சா?" என்றார்.

ஒரு பித்தளைத் தூக்கு

போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேட் கட்டாமல், கவுண்டர் வரைக்கும்தான் போனோம். இவர் சீட்டு வாங்க எங்கேயோ நகர்ந்துவிட்டார். மேனேஜர் என் பெயரை எழுதிக்கொண்டு, ஜோடியின் பெயர் என்ன என்று கேட்டார். நான் சும்மா நின்றேன். உரக்கக் கேட்டார், காது கேட்காது என்று நினைத்து. நான் சிரித்தேன். கையிலிருந்த பித்தளைத் தூக்கில் இவர் பெயர் வெட்டியிருந்தது. திருப்பிக் காட்டினேன். மேனேஜர் யூரேசியர், தமிழ் எழுத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது அம்மா என்றார்.

லூர்து அண்ணன் வந்து காப்பாற்றினார். "சதாசிவம்னு எழுதுங்க சார். நூறு தடவ வேணும்னாலும் நான் சொல்றேன், தங்கச்சி சொல்லாது."

இடமாக மூன்று சுற்று

இனி விழுந்த அன்றைக்குத் திரும்புவோம்.

வீட்டில் செருப்பைக் கழற்றியதும் அத்தை மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்குத் தெரியுமாடா? அங்க இடமாத்தான் போவாங்கன்னு?"

"தெரியும்மா. ரெண்டு மாசப் பழக்கத்துல காலு தானா வலமாப் போயிருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட மாட்டீங்க. பாக்கியம் மொதல்ல நிக்கப் பழகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"அப்புறம்னா எப்ப? விழுந்ததுக்கப்புறமா?"

நான் நடுவில் புகுந்தேன். "அத்தை, அது வெறும் விளையாட்டு. சாமி சன்னதியா என்ன?"

அத்தை என் மேல் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னார்.

"இவங்க அப்பா போனப்ப இவனுக்கு ஒம்பது வயசு. தோட்டத்துல, லயத்து வீட்டு வாசல்ல கெடத்தியிருந்தாங்க. தோள்ல ஒரு தண்ணிக் கொடத்த வச்சு, இடமா மூணு சுத்து சுத்துடான்னாங்க. கொடம் பெருசு, இவன் சின்னப் பய. சுத்தினான். நான் பாத்துக்கிட்டிருந்தேன். இவன் இடமாச் சுத்துறத நான் ஒரு தடவ பாத்தாச்சு. போதும். இப்பக் கட்டுன பொண்டாட்டி கையையும் புடிச்சிக்கிட்டு இடமாச் சுத்துறேங்கிறான்."

பிற்பாடு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் காரணம் இல்லை.

இவர் போய் அம்மாவின் உள்ளங்கையில் தன் கையை வைத்தார். "நடுவுல இருக்கறது என் வலக்கைப் பக்கந்தாம்மா இருக்கும். இல்லாட்டி நான் சுத்த மாட்டேன்." சத்தியம் செய்து கொடுத்தாயிற்று.

மறுநாள் லூர்து அண்ணன் வழி சொன்னார். "அம்மாவக் கூட்டிட்டு வராத. முடிஞ்சு போச்சு."

"கையடிச்சுட்டேன்டா."

"எங்க சாமிக்கு எந்தப் பக்கம் சுத்தினாலும் தல சுத்தாது. இந்த ஒரு வாரத்துக்கு எங்க வேதத்துல வந்து சேந்துக்கறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பலகைத் தரையில் மூன்று தள்ளு போயிருந்தேன். மூன்றே மூன்று. சிமெண்டில் இரண்டு மாதம் பழகியவளுக்கு அந்த மரத்தரை எப்படி இருந்தது என்றால், கட்டாந்தரையில் படுத்தவளுக்கு மெத்தை போட்ட மாதிரி. நாலாவது தள்ளை எனக்கு யாரும் தராமல் போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம். அடுத்த வருஷம் குழந்தை இருக்கலாம், வேறு ஊருக்கு மாற்றல் வரலாம், அத்தை மனசு மாறலாம். இருபது வயதில் அடுத்த வருஷம் என்பது இல்லாத ஊர்.

டிராமில் திரும்பிய பிள்ளையார்

செவ்வாயா புதனா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. இந்தத் தொடரில் நான் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது சந்தேகம் இது. டவுனில் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஆயர் ஈத்தாம் டிராமில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பு சாலையோரத்தில் ஒரு பிள்ளையார் உண்டு. டவுனிலிருந்து வரும்போது எப்போதும் இடப்பக்கம் வருவார், உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொள்வேன்.

அன்று ஒரு சீன அம்மாள் இரண்டு வாத்துக்கூடைகளோடு ஏறி எனக்கு எதிரே இடம் பிடித்தார். அந்த டிராமில் இருக்கையின் சாய்மானத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் போடலாம். வாத்துகளுக்கு இடம் விடுவதற்காக நான் சாய்மானத்தைப் புரட்டி, வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சாலை எனக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது.

பிள்ளையார் வந்தார். வலப்பக்கம்.

நான் கும்பிடவில்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி அதே வண்டி, பாதை அதே பாதை, போகும் திசையும் அதே திசை. ஆனால் பிள்ளையார் என் வலப்பக்கம். ஏனென்றால் நான் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்!

வாத்து ஒன்று சாய்மானத்துக்குப் பின்னாலிருந்து என் முழங்கையைக் கொத்தியது. கவலையே இல்லை. நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன்.

நடுவில் யார்?

குத்துவிளக்கைக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

"அத்தை, பாருங்க. அவங்க எல்லாரும் இப்படித்தானே போனாங்க?" இடமாக ஒரு சுற்று நடந்தேன். விளக்கு என் இடக்கைப் பக்கம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பப் பாருங்க." முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் பின்னால் நடந்து அதே வழியே ஒரு சுற்று வந்தேன். "விளக்கு எந்தக் கைப் பக்கம்?"

அத்தை எழுந்து வந்தார். என் வலக்கையைத் தொட்டார். விளக்கைப் பார்த்தார். தானே திரும்பி நின்று, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி ஒரு சுற்று நடந்து பார்த்தார். முக்காலியில் இடித்துக்கொண்டார். இன்னொரு சுற்று நடந்தார்.

"வலப்பக்கந்தான் இருக்கு" என்றார்.

"ஆமா அத்தை."

"ஆனா அங்க நடுவுல என்ன இருக்கு? வெளக்கா இருக்கு?"

அங்கே நடுவில் ஒரு வட்ட மேடை. மேடையில் பெரிய குழாய் வைத்த கிராமபோன். அதைச் சொன்னேன்.

அத்தை ரொம்ப நேரம் வெற்றிலை மென்றார். சாயங்காலம் மகன் வந்து சேர்ந்ததும் தீர்ப்புச் சொன்னார். "பாட்டுப் பொட்டின்னா அது சரஸ்வதிதான். சரஸ்வதிய வலக்கைப் பக்கம் வச்சு எத்தன சுத்து வேணும்னாலும் சுத்துங்க. முடிக்கறப்பத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க."

இவர் என்னைப் பார்த்தார். "முழுக்கப் பின்னாடியேவா? நாலு நிமிஷமும்?"

"ஏன், ஒங்களால முடியாதா?" என்றேன். அப்படி அவரிடம் பேசியதும் அன்றுதான் முதல் தடவை.

மீதி இருந்த நாட்களில் ஜாதிக்காய்க் களத்தில் முப்பத்தொரு தடவை விழுந்தேன். எண்ணி வைத்திருந்தேன். மூட்டைகளின் மேல் விழுந்ததைச் சேர்க்கவில்லை. அது சுகமாகத்தான் இருந்தது. பின்னோக்கிப் போவதில் கஷ்டம் கால் அல்ல, கழுத்து. எங்கே போகிறோம் என்று தெரியாது. எங்கிருந்து வந்தோம் என்பது மட்டும் தெரியும். புடவையும் சக்கரத்தில் மாட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அத்தை பெட்டியைவிட்டு எழுந்து வந்து, "தோட்டத்துல பால் வெட்டப் போறப்ப இப்படித்தான் கட்டுவோம்" என்று என் புடவையை அவிழ்க்காமலேயே கொசுவத்தைப் பின்பக்கம் இழுத்துச் செருகிவிட்டார். கால் தடையில்லாமல் வீசி வந்தது. ரப்பர்க் காட்டு மேட்டில் வாளியோடு ஏறி இறங்கியவருக்குத் தெரியாதா?

அந்த ஞாயிறு

ஆறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியாகத்தான் விடுவார்கள். அது எங்கள் அதிர்ஷ்டம். பின்னோக்கி ஓடுகிறவர்களோடு யாரையும் சேர்த்து விட முடியாது.

ரோஸும் லூர்து அண்ணனும் எங்களுக்கு முன்னால் போனார்கள். அழகாகச் சறுக்கினார்கள் என்று எழுதாமல் விட்டால் ரோஸ் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் போடுவாள். இறங்கி வரும்போது லூர்து அண்ணன், "போடா சதா, கோப்பைய எங்க வீட்டு அலமாரியில அடுத்த ஞாயித்துக்கிழம வந்து பாத்துக்க" என்றார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போய், போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்றோம்.

மாடத்தில் சிரிப்பு. பயத்தில் திசை மறந்துவிட்டது என்று நினைத்தார்கள். மேனேஜருக்குப் போன வாரம் நினைவு வந்துவிட்டது போலும், "கிரி! கிரி!" என்று ஓடிவந்தார். இவர் இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார், இடமாகத்தான் போகிறோம், முகம் மட்டும் இந்தப் பக்கம் என்று. மேனேஜர் விதித் தாளை எடுத்துப் படித்தார். நடுவர்கள் மூன்று பேரும் படித்தார்கள். எந்தத் திசையில் போக வேண்டும் என்று இருந்தது. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இல்லை.

ஊசியை வைத்தார்கள். பாட்டு கிளம்பியது. தள்ளினோம்.

முதல் சுற்றில் ரிங்கின் வளைவில் இவருடைய தோள் சுவரை உரசியது. "ஸ்ஸ்" என்றார். இரண்டாவது சுற்றில் நான் உள்பக்கம் இழுத்தேன், மேடைக்கு மிக அருகே போய்விட்டோம். கிராமபோன் குழாய் என் காதருகே பாடிவிட்டுப் போனது. மூன்றாவது சுற்றில் மறுபடியும் சுவர். மாடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது சுற்றில் வளைவு நெருங்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. ரப்பர்க் காட்டில் மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல்.

"சுவரூ!"

சட்டென்று வளைந்தோம். சரியாக வளைந்தோம்.

அடுத்த வளைவு. "சுவரூ!" அத்தை குடையை ஆட்டிக்கொண்டு மாடத்தின் கம்பியைப் பிடித்தபடி ஓடிவந்தார், எங்களுக்குச் சமமாக, ஜனங்களின் காலை மிதித்துக்கொண்டு. அதற்கடுத்த வளைவில் பக்கத்திலிருந்த ஒரு சீனக் கிழவரும் சேர்ந்து கத்தினார். பிறகு பூக்கவுன் போட்ட யூரேசியப் பெண்கள். பிறகு மாடம் முழுக்க. அர்த்தம் தெரியாமல், எங்கே கத்த வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டு, முந்நூறு தொண்டைகள் "சுவரூ! சுவரூ!" என்று கத்தின.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. இரண்டு தள்ளும் ஒன்றாகச் சேரும் இடம். எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை, அதை முந்நூறு பேர் பார்த்துக்கொண்டார்கள். நான் என் முன்னால் விலகி விலகிப் போகும் பலகைகளைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். இவரும் சிரித்தார். நடுவர் ஒருவர் தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டு "சுவரூ" என்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாட்டு முடியும்போது மேடையருகே வந்து நின்று, சொன்னபடி, வலக்கையால் கிராமபோன் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். முடிவில் அப்படி ஒரு நளினமான வணக்கம் வேறு எந்த ஜோடியும் வைக்கவில்லை என்று நடுவர்கள் குறிப்பு எழுதினார்களாம்.

கோப்பை எங்களுக்கு. லூர்து அண்ணனுக்கும் ரோஸுக்கும் இரண்டாம் இடம். "அடுத்த வருஷம் நானும் எங்கம்மாவக் கூட்டிட்டு வரேன்" என்றார் அவர். பின்னால் தைப்பிங், ஈப்போ, சிங்கப்பூர் என்று போய் இன்னும் ஆறு கோப்பைகள் கொண்டுவந்தோம். எல்லாம் பின்னோக்கித்தான். பத்திரிகைகளில் அதைப் 'பினாங்கு பாணி' என்று எழுதினார்கள். அந்தப் பாணியை உண்டாக்கியவர் காலில் ஒரு நாளும் சக்கரம் கட்டியதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே டிராம் ஏறினோம். அத்தை முதல் வேலையாக இருக்கைச் சாய்மானத்தைப் புரட்டிப் போட்டார். மூன்று பேரும் பின்னோக்கி உட்கார்ந்தோம். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"அத்தை," என்றேன், "மொத மூணு சுத்துக்கு ஏன் சத்தமே குடுக்கல? இவர் தோளு உரசிருச்சு தெரியுமா?"

அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளி வெளியே போட்டார்.

"கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

"பயமா?"

"எண்ணிக்கிட்டிருந்தேன். பலகைச் சத்தம் எனக்கு முன்னால ஒவ்வொரு தடவ வந்து போறப்பவும் ஒண்ணுன்னு. அன்னிக்குக் கொடத்தோட இடமா மூணு சுத்து போனான்ல. இன்னிக்குப் பொண்டாட்டியோட வலமா மூணு சுத்து போயிட்டான்னா அது கழிஞ்சிரும்னு தோணுச்சு. மூணும் முடிஞ்சுது. அப்பாடான்னு கண்ணத் தொறந்து பாத்தா, ரெண்டும் சுவத்துல முட்டப் போவுதுங்க."

இவர் மடியிலிருந்த கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விலகிப் போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையார் வந்தார். எங்கள் மூவருக்கும் வலப்பக்கம்.

"கும்பிடுறா" என்றார் அத்தை.

கை கோப்பையில் இருந்ததால், கோப்பையோடு சேர்த்தே தூக்கிக் கும்பிட்டார்.